ஒரே படம், இரண்டு எண்கள்

யூன் 3, திங்கள்

இன்று நான் கட்டிய பொதி தன்னையே தனக்குள் போட்டுக்கொண்டது. கோப்புகளை எல்லாம் சுருக்கி ஒரே ஸிப்பாகக் கட்டும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். கட்டிய ஸிப்பையும் அதே இடத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். அது சுற்றிப் பார்த்து, புதிதாக ஒரு கோப்பு கிடக்கிறதே என்று அதையும் தூக்கி உள்ளே போட்டது. பிறகு அது பெருத்துக்கொண்டே போனது. பதினொரு மணிக்குக் கணினி நின்றுவிட்டது. நன்றாகத் திட்டினேன். அறையில் வேறு யாரும் இல்லாததால் வாய்க்கு வந்தபடி திட்ட முடிந்தது.

வேலை இதுதான். 3,412 கோப்புறைகள். ஒவ்வொன்றும் காணாமற்போன ஒரு ஆளுக்கு உரியது. ஒவ்வொன்றிலும் உறவினர் கையால் நிரப்பிய படிவம் ஒன்று, படம் ஒன்று, சிலவற்றில் கடிதங்கள். எங்கள் நிலையம் பதினைந்து வருடமாகச் சேர்த்தவை. இப்போது கொழும்பில் ஓர் அலுவலகம் இவற்றை இணையத்தில் வாங்கிப் பதிவு எண் கொடுக்கிறது. யூன் 28-ஆம் திகதியோடு வாசலைச் சாத்திவிடுவார்களாம். அதற்குள் போகாதது போகாததுதான். இரண்டு நிபந்தனைகள்: ஒரே கோப்பு பொதிக்குள் இரண்டு தடவை இருந்தால் முழுப் பொதியையும் திருப்பி அனுப்புவார்கள். படம் இல்லாத கோப்புறையை ஏற்கமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அருள்நிதி அக்கா தொலைபேசியில் சொன்னார், "தயா, உம்மை நம்பித்தான் இருக்கிறன்." அவர்தான் நிலையத்தின் பொறுப்பாளர். பெயர்ப் பதிவேடு அவரிடம் இருக்கிறது. கிளிநொச்சியில், பழைய கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தின் பின் அறையில் இருக்கும் எனக்கு எண்கள் மட்டும்தான். பெயர் பார்க்கத் தேவையில்லை, படிவம் வாசிக்கத் தேவையில்லை. அதற்காகத்தான் இந்த வேலைக்கு ஓம் என்றேன்.

யூன் 4, செவ்வாய்

பாண் ஓட்டோ வந்தது. அரை றாத்தல் வாங்கினேன். கிணற்று மோட்டர் இழுக்கவில்லை. வாளியால் அள்ளிக் குளித்தேன்.

ஸிப்பை இப்போது வேறு இடத்தில் வைக்கிறேன். அது தன்னைத் தின்பதை நிறுத்திவிட்டது.

யூன் 5, புதன்

புதன்கிழமை என்றால் நேசமலர் அம்மா வருவார் என்று அக்கா முன்பே எச்சரித்திருந்தார். சந்தைக்கு வந்துவிட்டு, கையில் மரக்கறிப் பையோடு நேரே இங்கே வருவார். எழுபது வயது இருக்கும். காணாமற்போனது இரண்டு பிள்ளைகள்: ஜெயசீலன், ஜெயரூபன். எண்கள் 0412, 0413. இந்த அம்மாமாருக்கு எண் மனப்பாடம். அடையாள அட்டை எண்ணைக் கேட்டால் பையைக் கிளறுவார்கள், இதைக் கேட்டால் உடனே சொல்வார்கள்.

"தம்பி, ரெண்டு பேரும் இருக்கினமோ?"

"இருக்கினம் அம்மா." கணினியைப் பார்க்காமலே சொன்னேன்.

"பாத்துச் சொல்லும்."

பார்த்தேன். 0412, 0413, இரண்டு கோப்புறைகளும் இருந்தன. காட்டினேன். கதிரையில் கொஞ்ச நேரம் இருந்து தண்ணீர் குடித்தார். போகும்போது கேட்டார், "உமக்கும் ஆரும் இருக்கினமோ, தம்பி? இதுக்குள்ள?"

"இல்லை அம்மா. நான் சம்பளத்துக்கு வேலை செய்யிறன்."

அவர் ஒரு கத்தரிக்காயை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு ஆளுக்கு ஒரு கத்தரிக்காய் கறிக்குக் காணும்.

யூன் 7, வெள்ளி

கெட்டித்தனம் செய்தேன், எழுதி வைக்கிறேன், பாராட்ட வேறு ஆள் இல்லை.

ஒரே கோப்பு இரண்டு தடவை வருகிறதா என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாக் கோப்புறையிலும் 'படம்1', 'படிவம்' என்றே பெயர். பெயரை நம்பினால் 3,412 பேருக்கும் ஒரே முகம் என்றாகிவிடும். அதனால் ஸ்கிரிப்டை ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு நீண்ட எண் எடுக்க வைத்தேன், கைரேகை எடுப்பது போல. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மாறிவிடும். இரண்டு கோப்புக்கு ஒரே கைரேகை என்றால் இரண்டும் ஒன்றேதான். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை வெளியே விடச் சொன்னேன்.

ஓடவிட்டேன். இருநூற்றுப் பதினாறு இரட்டைகளைப் பிடித்தது. கவனமில்லாத ஆட்கள், ஒரே படத்தை எத்தனை தடவை சேமித்திருக்கிறார்கள்! எல்லாவற்றையும் கழித்துவிட்டேன். பொதி மெலிந்து அழகாக வந்தது.

அக்காவுக்குச் சொன்னேன். "கெட்டிக்காரன்" என்றார். அவருக்குப் பின்னால் வீட்டில் பேரப்பிள்ளைகளின் சத்தம். சத்தத்தைக் கேட்பதற்காக இன்னும் இரண்டு விளக்கம் சொல்லி அழைப்பை நீட்டினேன்.

யூன் 9, ஞாயிறு

வீடு கூட்டினேன். அம்மாவின் கைப்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அம்மா போய் இரண்டு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் அதில் தூசி தட்டிவிட்டு அதே ஆணியில் மாட்டுகிறேன். மோட்டர் திருத்துகிறவர் வருவதாகச் சொன்னார், வரவில்லை.

யூன் 10, திங்கள்

முதல் ஐந்நூறு கோப்புறைகளைப் பரீட்சார்த்தமாக அனுப்பினேன். திருப்பி அனுப்பவில்லை. ஏற்றுக்கொண்டார்கள்!

யூன் 12, புதன்

நேசமலர் அம்மா. முருங்கைக்காய் இரண்டு. "பதிவு நம்பர் எப்ப வரும்?" "இந்தக் கிழமைக்குள்ள." "ரெண்டு பேருக்குமோ?" "ஓம் அம்மா, ரெண்டு பேருக்கும்." எத்தனை தடவைதான் கேட்பார்.

யூன் 14, வெள்ளி

பதில் வந்தது. ஐந்நூறில் 493-க்குப் பதிவு எண். ஏழு நிராகரிப்பு. காரணம்: படம் இல்லை. ஏழு என்றால் மோசமில்லை. பதினைந்து வருடத்துக் குப்பையில் ஏழு பேர் படம் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். எண்களை எழுதி அக்காவுக்கு அனுப்பிவிட்டேன்.

யூன் 19, புதன்

இன்று நடந்ததை எழுத விருப்பமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நேசமலர் அம்மா வந்தார். கொழும்பிலிருந்து வந்த பதில் கடதாசியைக் கொடுத்தேன். 0412-க்குப் பதிவு எண் இருந்தது. 0413-க்கு நேரே 'படம் இல்லை' என்று இருந்தது. நானும் அப்போதுதான் கவனித்தேன்.

"என்ன தம்பி இது? ஜெயரூபனுக்கு என்ன?"

"அவற்ற படம் இல்லையாம் அம்மா. நீங்கள் குடுக்காமல் விட்டிருப்பீங்கள்."

"நான் படம் தரேல்லையோ?"

"வேற இடத்தில குடுத்ததை இங்க குடுத்தது எண்டு நினைக்கிறீங்கள் போல. எத்தினை வருஷம், மறந்திருக்கும்."

அவர் பையைக் கீழே வைத்தார். "தம்பி, நான் பத்து இடத்தில படம் குடுத்தனான். பத்து இடத்திலயும் ரெண்டு பேருக்கும் குடுத்தனான். ஒரு இடத்திலயும் ஒருத்தனை விட்டிட்டு மற்றவனைக் குடுக்கேல்லை."

நான் சொன்னேன், "கொம்பியூட்டர் பொய் சொல்லாது அம்மா."

"கொம்பியூட்டரோ பெத்தது?"

கடதாசியை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். தண்ணீர் குடிக்கவில்லை. மரக்கறி ஒன்றும் வைக்கவில்லை. நான் கதவு வரைக்கும் போனேன். அவர் திரும்பிப் பார்க்காமல் வெயிலில் ஏ9 வீதியைக் கடந்து போனார். பிழை அவருடையதாக இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது, அதையும் எழுதி வைக்கிறேன்.

யூன் 20, வியாழன்

பிழை அவருடையது அல்ல.

காலையில் மூல வட்டில் 0413-ஐத் திறந்தேன். படம் இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்தது. ஒரே துணியில் தைத்த சட்டையோடு இரண்டு பொடியன்கள், பதினெட்டும் பதினாறும் இருக்கும். 0412-ஐத் திறந்தேன். அதே படம். கைரேகையும் ஒன்றே. என் ஸ்கிரிப்ட் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கழித்திருக்கிறது. நான் சொன்னதைத்தான் அது செய்தது.

அந்தக் காலத்தில் இங்கே ஸ்கான் செய்த பிரதாயினி இப்போது கனடாவில். கேட்டு எழுதினேன். குரல் பதிவாகப் பதில் அனுப்பினாள்: "ஓம் அண்ணா, நான்தான். அம்மாமாரிட்ட ஒரு படம்தான் இருந்தது. ரெண்டு பேரும் சேந்து நிக்கிற ஒரே படம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மிஞ்சினது அவ்வளவுதான். அதை ஒருக்கா ஸ்கான் பண்ணி ரெண்டு போல்டரிலயும் கொப்பி போட்டனான். பிழையோ அண்ணா?"

பிழை உன்னில் இல்லை, என்னில் என்று எழுதினேன். கவனமில்லாத ஆட்கள் என்று இந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேனே, அதை வெட்டப்போவதில்லை. இருக்கட்டும்.

யூன் 21, வெள்ளி

முழுநிலவு நாள், போயா விடுமுறை. களஞ்சியத்தின் முன் கதவு பூட்டு. பின்பக்கத்தால் போனேன்.

கழித்த இருநூற்றுப் பதினாறையும் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை உண்மையான இரட்டைகள், ஒரே ஆளின் கோப்புறைக்குள் இரண்டு தடவை கிடந்தவை. அவை போனால் பரவாயில்லை. நாற்பத்தெட்டு அப்படி அல்ல. நாற்பத்துமூன்று படங்கள், தொண்ணூற்றொரு கோப்புறைகள். அண்ணன் தம்பி, கணவன் மனைவி, தகப்பனும் மகளும். ஒரு படத்தில் ஐந்து பேர், ஐந்து கோப்புறை. அதில் நான்கு பேரைக் கழித்திருக்கிறேன். இப்படியே மிச்சத்தையும் அனுப்பியிருந்தால் நாற்பத்தெட்டுப் பேரும் 28-ஆம் திகதியோடு இல்லாமல் போயிருப்பார்கள். இரண்டாம் தடவை காணாமற்போக நானே வழி செய்திருப்பேன்.

இரட்டையைத் திரும்ப உள்ளே விட்டால் முழுப் பொதியும் திரும்பி வரும். அக்காவிடம் கேட்டேன். "படத்தை ஒராள் ஒராளா வெட்டி எடும் தயா, அவரவற்ற முகத்தை அவரவர் போல்டரில போடும்" என்றார். சரியான யோசனை. நேசமலர் அம்மாவுக்கு அழைப்பு எடுத்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு வெட்டப்போவதைச் சொன்னேன்.

"வெட்ட வேண்டாம், தம்பி."

"ரெண்டு பேற்ற முகமும் வடிவா வரும் அம்மா."

"ஜெயரூபன் தமையன்ர கையப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறான். வெட்டினா அந்தக் கை ஆரோட போகும்?"

வேறு வழி பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிறகு நாற்பத்துமூன்று படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினேன். யார் கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனேன். இருபத்தொன்பதாவது படத்தோடு நிறுத்திவிட்டேன். கண் வலிக்கிறது.

யூன் 22, சனி

உடுப்புத் தோய்த்தேன். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தோய்த்த உடுப்புகளையும் எடுத்து மறுபடி தோய்த்தேன்.

மோட்டர்காரர் வந்து திருத்திவிட்டுப் போனார். "வீட்டில நீங்கள் மட்டுமோ அண்ணை?" என்றார். ஓம் என்றேன்.

யூன் 23, ஞாயிறு

கண் வலிக்கவில்லை. அது பொய்.

இருபத்தொன்பதாவது படத்தில் ஒரு சைக்கிள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான். முன் பாரில் இருந்து சிரிக்கிறவன் கோகுலன், என் தம்பி. பரந்தன் சந்தியில், ஒரு பொங்கலுக்கு எடுத்தது. எண்கள் 1187, 1188.

தம்பிக்காக அம்மா எங்கோ பதிந்திருக்கிறார் என்று தெரியும். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நான் திரும்பி வந்த பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் அந்தக் கதையே இல்லாமல் பார்த்துக்கொண்டோம். நான்தான் பார்த்துக்கொண்டேன். அம்மா இரண்டொரு தடவை வாயெடுத்தார். அப்போதெல்லாம் எனக்குக் கிணற்றடியில் வேலை வந்துவிடும்.

ஆனால் ஏன் இரண்டு கோப்புறை?

காலையில் தூசி தட்ட எடுத்த கைப்பையை இன்று மாட்டவில்லை. திறந்தேன். மருந்துச் சிட்டை, ஒரு திருநீற்றுப் பொட்டலம், பஸ் ரிக்கட்டுகள். பையின் உள் அறையில் ஊசியால் சேர்த்துக் குத்திய இரண்டு பதிவுத் துண்டுகள். 1187. 1188. மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தன.

யூன் 24, திங்கள்

இந்த வேலையில் முதல் தடவையாகப் படிவம் வாசித்தேன்.

இரண்டும் அம்மாவின் கையெழுத்து. திகதி 2010 மாசி. முந்தின வருடம், போரின் கடைசி மாதங்களில், அம்மா காயக்காரரோடு சேர்ந்து சித்திரையிலேயே ஆமியின் பக்கம் போய்விட்டார். நானும் கோகுலனும் பின்னால் நின்றோம். வைகாசியில் நான் வெளியே வந்தேன், வந்த இடத்திலேயே என்னைப் பிரித்து, தடுப்பு முகாமுக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பத்தொன்பது மாதம் நான் எங்கே இருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் எழுதியது இது. மூத்தவன் முதல் என்ற ஒழுங்கில் 1187 நான். 1188 தம்பி.

ஒவ்வொரு படிவத்திலும் பதினான்காவது கேள்வி: கடைசியாக யாரோடு காணப்பட்டார்?

1187-ல் அம்மா எழுதியிருக்கிறார்: 'தம்பி கோகுலனோடு நின்றவர்.'

1188-ல்: 'அண்ணன் தயாபரனோடு நின்றவர். அண்ணன் கூட நின்றபடியால் நான் பயப்படவில்லை.'

கணினியை மூடிவிட்டுக் களஞ்சியத்தின் பின்னால் போய் நின்று அழுதேன். அம்மா செத்த அன்று இப்படி அழவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோதுதான் மற்றது விளங்கியது. ஒரே படம், இரண்டு கோப்புறை. ஸ்கிரிப்ட் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கழித்திருக்கிறது. இதை அப்படியே அனுப்பியிருந்தால், வீட்டில் பாண் தின்றுகொண்டு இருக்கிற நான் காணாமற்போனவன் என்று பதிவாகியிருப்பேன். கோகுலன் படம் இல்லாதவன் என்று தள்ளப்பட்டிருப்பான்.

நான் வந்த பிறகும் அம்மா ஏன் 1187-ஐ எடுக்கச் சொல்லவில்லை? மறந்திருக்கலாம். அல்லது ஒன்றை எடுத்தால் மற்றது தனியே நிற்கும் என்று விட்டாரோ என்னவோ. கேட்க ஆளில்லை.

யூன் 25, செவ்வாய்

முதலில் வேலை. வழி கிடைத்துவிட்டது, வெட்டத் தேவையில்லை. ஒரே படம் வேறு வேறு கோப்புறைகளில் இருந்தால், படத்தின் அடியில் அந்தக் கோப்புறையின் எண்ணைச் சின்னதாக எழுதும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன். ஒரு புள்ளி மாறினாலே கைரேகை மாறும். நான்கு இலக்கம் தாராளமாகக் காணும். படத்தில் யாரும் யாரையும் விட்டுப் போகத் தேவையில்லை. ஒரே கோப்புறைக்குள் வருகிற இரட்டையை மட்டும் கழிக்கும். ஓடவிட்டேன், தொண்ணூற்றொரு படங்களும் நின்றன.

அக்காவுக்கு 1187-ஐப் பற்றிச் சொன்னேன். "பதிவேட்டில உம்மட பேரைப் பாத்தனான் தயா. அது வேற தயாபரன் எண்டு நினைச்சன். நீர் ஒரு நாளும் ஒண்டும் சொல்லேல்லையே" என்றார்.

"சொல்லேல்லை அக்கா."

ஒருவர் திரும்பி வந்தால் கோப்பை மூட ஒரு படிவம் இருக்கிறதாம். முறைப்பாடு கொடுத்தவர் கையெழுத்து வைக்க வேண்டும். அம்மா இல்லை. "உறவினர் ஒருத்தரும் இல்லாட்டில், நேரில கண்ட வேற ஆரும் வைக்கலாம்" என்றார். யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். பாண் ஓட்டோக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பிறகு 1188. மேலதிக வாக்குமூலம் சேர்க்கலாம். சேர்த்தேன். இங்கும் எழுதுகிறேன், இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

'கடைசியாகக் கண்டவர்: அண்ணன் தயாபரன். வெளியே வருகிற வரிசையில் நின்றபோது எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் எடுத்துவரும்படி தம்பியை நான்தான் பின்னுக்கு அனுப்பினேன். நில்லுங்கோ அண்ணா, வாறன் என்று சொன்னவர். வரிசை அசைந்தது. நான் நிற்கவில்லை.'

அம்மாவுக்குச் சொன்னது வேறு. சனத்துக்குள் கை தவறிவிட்டது என்று சொன்னேன். கையைப் பிடித்திருக்கவே இல்லை.

யூன் 26, புதன்

வரமாட்டார் என்று நினைத்தேன். பத்தரை மணிக்கு வந்தார். நேசமலர் அம்மா கதிரையில் இருக்கவில்லை, நேரே கணினிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"காட்டும்."

0412-ஐத் திறந்தேன். இரண்டு பொடியன்கள், அடியில் சின்னதாக எண். 0413-ஐத் திறந்தேன். அதே இரண்டு பொடியன்கள், வேறு எண். திரையை விரலால் தொட்டார். இளையவனின் கையில் விரல் நின்றது.

"வெட்டேல்லை."

"இல்லை அம்மா."

"சட்டைத் துணி நானே எடுத்துத் தைப்பிச்சது. ஆளுக்கொரு நிறம் வேணுமெண்டு சண்டை. ஒரு துணியில எடுத்தால்தான் எனக்குக் கட்டும் எண்டு சொல்லிப்போட்டன்." அதன் பிறகுதான் கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டார்.

செம்பைக் கொடுத்துவிட்டு, 1187-ஐ மூடுகிற படிவத்தையும் கொடுத்தேன். "அம்மா, எனக்கு ஒரு கையெழுத்து வேணும்." மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். மேலே படம் ஒட்டியிருந்தது. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சைக்கிள் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது நீரெல்லோ?"

"ஓம் அம்மா."

"முன்னுக்கு இருக்கிறது?"

"தம்பி. அவன்தான் வரேல்லை."

"அண்டைக்கு ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னீர்."

"ஓம்."

எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், வரிசை, நான் நிற்காதது. என் சொந்த வாயால், கேட்கிற ஒரு ஆளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒரு ஆசையும் இருந்தது. அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"கொம்மா உன்னையும் தேடினவா" என்றார். அவ்வளவுதான். ஆனால் 'நீர்' என்பதை விட்டு 'நீ' என்று சொன்னார்.

படிவத்தின் அடியில் ஒரு வரி: 'மேற்படி நபரை நான் நேரில் கண்டேன்.' அதில் விரலை வைத்தார்.

"இதிலயோ வைக்கிறது?"

"ஓம் அம்மா."

"எழும்பி நில்லு, தம்பி."

"ஏனம்மா?"

"கண்டனான் எண்டு கையெழுத்து வைக்கிறதெண்டால் வடிவாப் பாக்க வேணுமெல்லோ."

எழும்பி நின்றேன். அவரும் எழும்பினார். தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். நெற்றித் தழும்பை, நரைத்த தாடியை, பித்தான் இல்லாத சட்டையை, செருப்பை. அவசரப்படவில்லை. பதினைந்து வருடமாகப் பத்து இடத்துக்கு அலைந்தும் தன் பிள்ளைகளில் ஒருவனைக்கூட இப்படிப் பார்க்கக் கிடைக்காத மனுசி. என்னை யாரும் இப்படிப் பார்த்து இரண்டு வருடமாகிறது.

"மெலிஞ்சு போனாய்" என்றார், முன்பே என்னைத் தெரிந்தவர் மாதிரி.

மறுபடி கதிரையில் அமர்ந்து, பேனையை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக 'நேசமலர்' என்று எழுதினார். மை காயும் வரைக்கும் கடதாசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தனையாவது கண்டனான் எண்டு எழுதிப்போட்டன்" என்றார்.

யூன் 28, வெள்ளி

காலை பத்து மணிக்குப் பொதி போனது. பிற்பகல் மூன்று மணிக்குப் பதில். முன்பு போனவற்றோடு சேர்த்துப் பெறப்பட்டவை 3,411. இரட்டைகள் இல்லை. நிராகரிக்கப்பட்டவை இல்லை. 0412 உண்டு, 0413 உண்டு. 1188 உண்டு, அவனுடைய எண்ணுக்கு மேலே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நானும் நிற்கிறேன்.

1187 மட்டும் பட்டியலில் இல்லை. அறையைப் பூட்டிவிட்டு, சந்தையில் கத்தரிக்காய் இரண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன்.